கேட் வரை ஓடிய வண்டி

மெக்கானிக்கல் படிக்கிற பெண் என்று சொன்னால் எங்கள் சொந்தக்காரர்கள் ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு ஸ்பானர்?" என்று வாய்விட்டுக் கேட்டவர்கள் எவ்வளவோ மேல். கேட்காமல் சிரித்தவர்களைத்தான் என்னால் பொறுக்க முடிந்ததில்லை. மெக்கானிக்கல்கூட நான் கேட்டு வாங்கியதில்லை, அப்பா பிடித்துக் கொடுத்த சீட்டு. படிக்கப் படிக்கத்தான் பிடித்துப்போனது. கடைசி வருடம் ஓசூரில் மோட்டார் வண்டி செய்கிற ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. புது இஞ்சின்களை ஓட்டிச் சோதித்துப் பார்க்கிற பிரிவு. ஆவணி பிறந்ததும் வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். அதுவரை என் வாழ்க்கையில் நடந்த எதையும் நான் தேர்ந்தெடுத்ததில்லை. காதில் போட்ட கம்மல் முதல் படித்த பள்ளிக்கூடம் வரை எல்லாம் யாரோ பார்த்து வைத்தது. இந்த வேலை ஒன்றுதான் நானாக ஆசைப்பட்டு நானாகத் தேடிக்கொண்டது.

அப்பாவிடம் சொன்னபோது, "சந்தோசம்" என்றார். மறுநாள் காபி குடிக்கும்போது, "ஓசூர்னா ரொம்பக் குளிருமாமே" என்றார். அதற்கு மறுநாள், "அங்கன நம்மாளுக யாரும் இருக்காகளான்னு விசாரிக்கணும்" என்றார். அப்புறம் ஒரு நாள், பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "படிச்சது வேற, கையில வேல இருக்கிறது வேற பாப்பா" என்றார். கல்லூரி முடித்த பிறகும் நான் அவருக்குப் பாப்பாதான். அது போகட்டும். கைக்கு வேலை தெரியுமா என்ற பேச்சுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. ரோசம் வந்தால் எனக்கு யோசனை ஓடாது.

"வேணும்னா சோதிச்சுப் பாருங்க" என்றேன். "நம்ம காட்டு மோட்டார் ரூம்ல பழைய இஞ்சின் ஒண்ணு சும்மாதான கெடக்கு. அத வச்சு ஒரு சின்ன வண்டி செஞ்சு காட்டுறேன்."

அப்பாவுக்கு அச்சங்குளம் பக்கம் ஒரு சின்னப் பட்டாசுக் கம்பெனி. வீடு ஆமத்தூரில். கம்பெனியிலிருந்து கொஞ்சம் தள்ளி எங்களுக்குக் கரிசல் காடு இருந்தது, மக்காச்சோளம் போடுவோம். அங்கே கிணற்றடியில் இருந்த மோட்டார் ரூமில்தான் நான் சொன்ன இஞ்சின் கிடந்தது. கம்பெனியில் தீப்பிடித்தால் தண்ணீர் அடிப்பதற்கென்று வாங்கிய பெட்ரோல் பம்பு அது. கயிற்றைச் சுற்றி இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். புதுப் பம்பு வந்ததும் பழசைக் காட்டுக்குத் தள்ளிவிட்டார்கள். எலி மூத்திரம் பட்டுத் துருப்பிடித்துக் கிடந்தது.

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செய்யி" என்றார். "மோட்டார் ரூம்ல இருந்து கம்பெனி கேட் வரைக்கும் எங்கனயும் நிக்காம ஓட்டிட்டு வந்துட்டேன்னா, ஓசூருக்கு நானே கொண்டுபோயி விடுறேன்."

அம்மா அடுப்படியில் தாளித்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்திருக்கும், சாட்சிக்கு ஒரு ஆள் இருக்கிறது என்று அப்போது சந்தோஷப்பட்டேன். அண்ணன் துபாய்க்குப் போனபோது யாரும் அவனை வண்டி செய்து காட்டச் சொல்லவில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவனுக்கு ஒரு டின் நிறைய முறுக்குச் சுட்டுக் கொடுத்து, மதுரை ஏர்போர்ட் வரை கார் வைத்துக்கொண்டு போய் அழுதுவிட்டு வந்தோம்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அப்பாவின் காரில் கிளம்புவேன். என்னைக் காட்டில் இறக்கிவிட்டுவிட்டு அவர் கம்பெனிக்குப் போவார். சாயங்காலம் திரும்பும்போது ஏற்றிக்கொள்வார். சித்திரை வெயில். மோட்டார் ரூம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டது, மத்தியானம் உள்ளே உட்கார்ந்தால் தலை சுற்றும். கிணற்றுமேட்டு வேம்பின் அடியில் ஒரு பழைய பேனரை விரித்து, அதன்மேல் இஞ்சினைப் பிரித்துப் போட்டேன். பிஸ்டன் வளையங்கள் நன்றாகவே இருந்தன. கார்புரேட்டர்தான் பச்சை பூத்துப்போய் இருந்தது. பெட்ரோலில் ஊறப்போட்டு, மெல்லிய கம்பியால் ஒவ்வொரு துளையாகக் குத்தித் துடைத்தேன். கயிற்றை இழுத்து இழுத்து உள்ளங்கை கன்றிப்போன பிறகு, ஒரு நாள் இஞ்சின் படபடவென்று பிடித்துக்கொண்டது. தனியாக நின்று சிரித்தேன். அந்த நாளின் சந்தோஷத்தை மட்டும் யாரும் என்னிடமிருந்து இன்னும் பிடுங்கவில்லை.

சட்டத்துக்குக் குழாயும், ஒரு ஸ்கூட்டரின் சின்னச் சக்கரங்களும், மொபெட்டின் கிளச்சும் சிவகாசிப் பழைய இரும்புக் கடையில் கிடைத்தன. வளைத்து வெல்டிங் வைக்க ஆமத்தூர் லேத்துப் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் அப்பாவுக்குப் பழக்கம். நான் படம் வரைந்து, அளவு குறித்து, எதிரில் நின்று சொல்வேன். அவர் தலையை ஆட்டிவிட்டு போனை எடுத்து அப்பாவைக் கூப்பிடுவார். "அண்ணாச்சி, பாப்பா குழாய அது குறிச்ச அளவுக்கு வெட்டச் சொல்லுது. வெட்டவா?" அங்கிருந்து உத்தரவு வந்த பிறகுதான் ரம்பம் குழாயைத் தொடும். அப்பாவுக்குக் குழாயும் தெரியாது, அளவும் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு வெட்டுக்கும் அவர் சம்மதம் வேண்டியிருந்தது. இத்தனை சம்மதத்துக்குப் பிறகும் பின்சக்கரத்தைப் பிடிக்கிற கவையைக் கோணலாக வைத்து ஒட்டிவிட்டார் மனுஷன். மறுபடி அறுத்து ஒட்டினோம். அதற்கும் ஒரு போன்.

வைகாசியில் வண்டி உருவாகி நின்றது. முழங்கால் உயரம். உட்கார்ந்தால் முட்டி இரண்டும் ஹேண்டில் பாருக்கு வந்துவிடும். அம்மா போட்டோவில் பார்த்துவிட்டு, "சர்க்கஸ் கரடி ஓட்டுமே, அது மாரி இருக்கு" என்றாள். எனக்கு அது ராஜரதம்.

ஓட்டிப் பார்ப்பதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. எங்கள் பக்கத்தில் எந்த இஞ்சினும் பட்டாசுக் கம்பெனி கேட்டை நெருங்க வேண்டுமென்றால் அதன் சைலன்சர் வாயில் ஒரு வலை மாட்ட வேண்டும். கம்பி வலையை அடுக்கடுக்காக மடித்துச் செய்த மூடி. இஞ்சினிலிருந்து புகையோடு ஒரு பொறி கிளம்பினாலும் அது வலையில் மோதி அவிந்துவிடும். கேட்டில் வாட்ச்மேனிடம் ஒரு பெட்டி நிறைய இந்த வலைகள் இருக்கும். லோடு ஏற்ற வருகிற லாரிக்கு மாட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவார். வாட்ச்மேன் என் வண்டியைப் பார்க்கக் காட்டுக்கே வந்தார். கையோடு ஒரு லாரி வலையைக் கொண்டுவந்து, அதை வெட்டிச் சுருட்டி, என் சின்ன சைலன்சருக்குள் திணித்துக் கம்பியால் இறுக்கிக் கட்டினார். அப்பாவும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "நல்லா இறுக்கிக் கட்டு" என்றார். நானும் தலையாட்டினேன். சாமி படத்துக்குப் பூ வைப்பது போல, அது செய்தே ஆக வேண்டிய காரியம்.

மோட்டார் ரூமிலிருந்து கேட்டுக்கு மண்பாதை. பாதி தூரம் சமதளம், அப்புறம் ஒரு வறண்ட ஓடை, ஓடையிலிருந்து ஏறினால் செம்மண் மேடு, மேட்டின் தலையில் கம்பெனி கேட். சமதளத்தில் வண்டி ஜோராக ஓடியது. ஓடையில் இறங்கியது. மேட்டில் ஏறத் தொடங்கியதும் மூச்சு முட்டியது. ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்கச் சத்தம் கம்மிக்கொண்டே போய், பாதி ஏற்றத்தில் ஒரு இருமல் இருமி நின்றது. நான் காலை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தேன். மேலே கேட்டுக்கு வெளியே அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். கீழே வரவில்லை. திரும்பி உள்ளே போய்விட்டார்.

அதிலிருந்து ஆரம்பித்தது என் பாடு. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கரி அப்பியிருந்தது. பெட்ரோல் அதிகம் போகிறது என்று கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட்டைக் கழற்றி, சின்னத் துளை உள்ள ஜெட் மாட்டினேன். மேட்டில் இன்னும் சீக்கிரமாக நின்றது. பெரிய ஜெட் மாட்டினேன், கரும்புகை வந்தது. வால்வு இடைவெளியைத் தகடு வைத்து அளந்து திருத்தினேன். சைலன்சர் குழாய் இஞ்சின் பக்கத்தில் தொட முடியாதபடி கொதித்தது. அப்படியென்றால் பிளக்கில் பொறி நேரம் தப்பி விழுகிறதோ என்று காந்தச் சக்கரத்தைக் கழற்றி, அதை இடம் நகராமல் பிடிக்கிற சாவிக்கட்டையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. இழுவை போதவில்லை என்று பின்சக்கரத்துக்குப் பெரிய பல்சக்கரம் வாங்கிப் போட்டேன். வேகம் குறைந்ததே ஒழிய மேடு ஏறவில்லை. கிளச் ஸ்பிரிங்கை மாற்றினேன். கழற்றாத ஒரு திருகு அந்த வண்டியில் மிச்சமில்லை.

சாயங்காலம் காரில் ஏறியதும் அப்பா கேட்பார். "என்ன பாப்பா, ஏறிருச்சா?"

"இல்லப்பா."

"மெதுவா செய்யி. ஒண்ணும் அவசரமில்ல."

அவசரமில்லையாம். ஆவணி நெருங்க நெருங்க அவர் குரலில் கனிவு கூடிக்கொண்டே போனது. வழியில் கடையில் நிறுத்தி எனக்குப் பன்னீர் சோடா வாங்கிக் கொடுப்பார். நான் அதைக் குடித்துக்கொண்டே அடுத்து எதைக் கழற்றுவது என்று யோசிப்பேன். நாலு வருடப் படிப்பு ஒரு செம்மண் மேட்டில் ஏற உதவவில்லையே என்று அழுகையாக வரும். ராத்திரி படுத்தால் அந்த இருமல் சத்தம்தான் காதில் கேட்கும். கடைசியில் அப்பா சொன்னதுதான் சரியோ, படித்தது வேறு கையில் வேலை இருப்பது வேறோ என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன். அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆடியில் ஒரு மத்தியானம். தீபாவளி ஆர்டருக்கான சீசன் சூடு பிடித்துவிட்ட நேரம். குடிக்கத் தண்ணீர் எடுக்கக் கேட்டுக்குப் போயிருந்தேன். லோடு ஏற்றிக்கொண்டு ஒரு லாரி உள்ளேயிருந்து வந்தது. கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன ஏற்றம். லாரி அதில் முக்கி முனகி நின்றது. டிரைவர் இறங்கினார், பின்னால் போய்க் குனிந்தார், துணியைச் சுற்றிக்கொண்டு சைலன்சர் வலையைப் பிடுங்கி வாட்ச்மேன் பெட்டியில் வீசினார்.

"இத மாட்டிக்கிட்டு ஓட்டுனா மாட்டு வண்டியக்கூட முந்த முடியாது" என்று சொல்லிவிட்டு ஏறினார். முக்கிக்கொண்டு நின்ற லாரி ஒரே மூச்சில் ரோட்டுக்குத் தாவிப் போனது.

நான் தண்ணீர்ப் பானையை அங்கேயே வைத்துவிட்டுக் காட்டுக்கு ஓடினேன். கம்பியை அறுத்து வலையை வெளியே இழுத்தேன். பெரிய லாரிக்குச் செய்த வலை, என் சின்னக் குழாய்க்குள் மடிந்து, கரி அடைத்துக் கட்டையாக இறுகியிருந்தது. ஊதினால் காற்றுப் போகவில்லை. இஞ்சின் தின்றதைத் துப்ப வழியில்லாமல் அத்தனை நாளும் திணறிக்கொண்டிருந்திருக்கிறது. வலை இல்லாமல் கயிற்றை இழுத்தேன். அதன் சத்தமே மாறிவிட்டது. மேட்டில் முக்கால் தூரம், நான் எப்போதும் நிற்கிற இடத்தைத் தாண்டி ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். வலை இல்லாமல் கேட்டுக்குப் போகக் கூடாது என்று எனக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் கழற்றியவள் அதை மட்டும் ஏன் கழற்றவில்லை என்று வேறு ஊர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் பக்கத்தில் பிறந்தவர்கள் கேட்க மாட்டார்கள். தூரத்தில் எங்காவது ஒரு கம்பெனி வெடித்தால் எங்கள் வீட்டு ஜன்னல் அதிரும். அம்மா உடனே போனை எடுத்து அப்பாவைக் கூப்பிடுவாள், அவர் குரல் கேட்கும்வரை எச்சில் விழுங்க மாட்டாள். அந்த வீட்டில் வளர்ந்த எனக்கு வலை என்பது இஞ்சினின் பாகமே இல்லை. அது கேட்டில் செருப்பைக் கழற்றுவது மாதிரி. அதைச் சந்தேகப்படலாம் என்ற நினைப்பே வராது.

சாயங்காலம் கார் ஏறும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. "அப்பா, கண்டுபிடிச்சுட்டேன். இஞ்சின்ல ஒரு கோளாறும் இல்ல. வலதான் அடைச்சிருக்கு."

அப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அது எனக்கு மொதல்லயே தெரியும் பாப்பா."

எனக்குப் புரியவில்லை. "எப்ப தெரியும்?"

"அத மாட்டுன அன்னைக்கே. லாரிக்காரன் பூரா இந்தப் பாட்டத்தான பாடுறான்."

"பொறகு ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ எங்கிட்ட கேக்கலையே."

வழக்கமான கடையில் நிறுத்திப் பன்னீர் சோடா வாங்கினார். நான் வேண்டாம் என்றேன். அவர் அதைத் தானே குடித்தார், ரசித்துத்தான் குடித்தார். நான் பின் சீட்டிலிருந்து அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயிலில் கை வெந்து, நகம் பிய்ந்து, என் படிப்பின்மேலேயே நம்பிக்கை போய் நான் கிடந்தபோது, இந்த மனுஷன் தினமும் "ஏறிருச்சா" என்று கேட்டிருக்கிறார், ஏறாது என்று தெரிந்துகொண்டே. அப்பாவின்மேல் எனக்கு வெறுப்பு வந்தது அன்றைக்குத்தான். அந்த வார்த்தையை நான் குறைத்துச் சொல்லப்போவதில்லை.

வெறுப்பு நல்ல வேலைக்காரி. மறுநாளே ஆரம்பித்தேன். வலை இல்லாமல் கேட்டுக்குப் போகக் கூடாது, வலை இருந்தால் மேடு ஏறாது. அப்படியென்றால் வலையின் பரப்பைப் பெரிதாக்க வேண்டும். கம்பெனியில் காலாவதியாகித் தூக்கிப்போட்ட, பவுடர் காலியான ஒரு தீயணைப்பு சிலிண்டரை எடுத்தேன். அதைப் பட்டறையில் குறுக்கே அறுத்து, உள்ளே இரண்டு அடுக்கு வலையை முழு அகலத்துக்கும் விரித்துப் பொருத்தி, சைலன்சர் குழாயை அதனுள் விட்டேன். புகை அந்தப் பெரிய வயிற்றில் பரவி, அகலமான வலை வழியாக நிதானமாக வெளியேறும். பொறி தப்பாது, இஞ்சினுக்கும் மூச்சு முட்டாது. பட்டறைக்காரர் வழக்கம்போலப் போனை எடுத்தார். "அத வைங்க" என்றேன். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, வைத்துவிட்டார். வண்டியின் பக்கவாட்டில் சிவப்பு சிலிண்டர் தொங்க, பார்க்க இன்னும் அசிங்கமாகிவிட்டது. அதற்கேற்ற ஜெட்டைத் தேடிப் பொருத்தி, பிளக் காபிப்பொடி நிறத்துக்கு வரும்வரை காற்றுத் திருகைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்தேன். ஒரு இஞ்சின் திருப்தியாக இருக்கிறது என்பதற்கு அந்த நிறம்தான் அடையாளம்.

ஆடி கடைசியில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கிளம்பினேன். வேலைக்கு வந்த பெண்கள் கேட்டுக்கு வெளியே மரத்தடியில் தூக்குவாளியைத் திறந்துகொண்டிருப்பார்கள், எல்லோரும் பார்க்கட்டும் என்றே அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். சமதளம் போனது. ஓடை போனது. மேட்டில் முறுக்கினேன். சத்தம் கம்மவில்லை. புழுதி முகத்தில் அடிக்க, வண்டி என்னைத் தூக்கிக்கொண்டு ஏறியது. "ஆத்தாடி, மொதலாளி மக வாராகடி" என்று ஒரு பெண் சோற்றுக் கையோடு எழுந்து நின்றாள். கேட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். வாட்ச்மேன் வந்து கையில் துணியைச் சுற்றிக்கொண்டு சிலிண்டருக்குள் விட்டு வலையைத் தடவிப் பார்த்தார். "பக்காவா இருக்கு தாயி" என்றார்.

அப்பா வெளியே வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து சிலிண்டரைத் தட்டிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது, நடிப்பில்லை. "எம் பிள்ள செஞ்சது" என்று பெண்களைப் பார்த்துச் சொன்னார். எனக்கு வந்த வெறுப்பெல்லாம் அந்த இடத்தில் கரைந்துவிட்டது. அவர் என்னைச் சோதித்துத்தான் பார்த்திருக்கிறார், நான் ஜெயித்துவிட்டேன், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அத்தனை முட்டாள் நான்.

காரில் கேட்டேன். "அப்பா, ஓசூருக்கு என்னைக்குக் கிளம்பலாம்?"

"இம்புட்டுக் கைவேல வச்சிருக்க. இத எதுக்குப் பாப்பா அடுத்தவன் கம்பெனில கொண்டுபோயிக் கொட்டணும்? நமக்கு வர்ற லாரிக்கெல்லாம் இதே மாரி வல செஞ்சு போடு. பம்பு, ஜெனரேட்டர், எல்லாத்தையும் நீயே பாத்துக்க. ஒரு ரூம் ஒதுக்கித் தாரேன்."

"ஓட்டிட்டு வந்துட்டா கொண்டுபோயி விடுறேன்னு சொன்னீக."

"அப்ப உனக்கு இம்புட்டு தெரியும்னு எனக்குத் தெரியாதுல்ல."

வண்டி மேடு ஏறாமலிருந்தால் கையில் வேலை இல்லாதவள், போகத் தகுதியில்லை. ஏறிவிட்டதால் கையில் வேலை இருக்கிறவள், விடுவதற்கு மனசில்லை. எப்படி முறுக்கினாலும் பாதை அந்தக் கேட்டுக்குத்தான் போகிறது. வீட்டில் போய் அம்மாவிடம், "நீயும் கேட்டுக்கிட்டுத்தானம்மா இருந்த?" என்றேன். "அப்பா பேச்சுக்குச் சொல்லியிருப்பாக. அதப் போயி பிடிச்சுக்கிட்டு" என்று அவள் ரசத்துக்கு உப்புப் போட்டாள். என் சாட்சி அவ்வளவுதான்.

சண்டை போட்டேன். சாப்பிடாமல் இருந்தேன். ஓசூரில் தங்க இடம் பார்க்க வேண்டும் என்றபோது அப்பா, "பாக்கலாம், நல்ல இடமா அமையணும்ல" என்றார். பஸ்ஸுக்கு டிக்கெட் போட வேண்டும் என்றபோது, "சீசன் முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். ஆவணி பிறந்தது. ஓசூர் கம்பெனியிலிருந்து போன் வந்தது, மறுபடியும் வந்தது, அப்புறம் வரவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போயிருக்கலாமே என்று என் கல்லூரித் தோழி கேட்டாள். அவள் ஊர் சென்னை. எங்கள் தெருவில் ஒரு பெண் சொல்லாமல் பஸ் ஏறினால் அவள் இஞ்சினைச் சோதிக்கப் போனாள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அப்பாவின் கம்பெனியில் எனக்கு ஒரு ரூம் ஒதுக்கினார்கள். பம்பு பார்த்தேன், ஜெனரேட்டர் பார்த்தேன். லாரிகளுக்குப் பெரிய வலைப்பெட்டி செய்து போட்டேன். டிரைவர்கள் இப்போது அதைப் பிடுங்கி எறிவதில்லை. அப்புறம் கல்யாணம். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற குடும்பம். நல்ல மனிதர்கள்தான். அங்கே பிரிண்டிங் மிஷின் நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள், என்னைக் கூப்பிட மாட்டார்கள்.

போன மாதம் சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம். என் பெரியப்பா மகள் வழியில் ஒரு பெண், இன்ஜினியரிங் முடித்தவள், பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது. போவதா வேண்டாமா என்று வீட்டில் இழுபறி. பந்தி முடிந்து எல்லோரும் நாற்காலியைச் சுற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தபோது, அப்பா அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். வயதாகிவிட்டது அவருக்கு, குரல் மட்டும் அப்படியே கணீரென்று இருக்கிறது.

"இந்தா உக்காந்திருக்காள்ல எம் மக, இவளுக்கு ஓசூர்ல பெரிய வேல வந்துச்சு. வேண்டாம்னுட்டா. அப்பாவ விட்டுட்டுப் போக மாட்டேன்னு அவளாத்தான் இருந்துக்கிட்டா."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அவளுடைய பெங்களூர் மெல்ல அவிந்துகொண்டிருந்தது.

"இல்ல" என்றேன். "நானா இருக்கல. அப்பா விடல."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை, உண்மையிலேயே அடிபட்டவர் போலப் பார்த்தார். "பாப்பா, போகக் கூடாதுன்னு நான் என்னைக்காவது ஒரு வார்த்த சொன்னேனா?" என்று கேட்டார். பெரியப்பா, "அவன் அப்படிச் சொல்ற ஆளா?" என்றார். அம்மா, "அவுக அவள ஒரு சொல்லு வஞ்சது கெடையாது" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நானும் யோசித்துப் பார்த்தேன். குளிரும் என்றார், விசாரிக்கணும் என்றார், அவசரமில்லை என்றார், நல்ல இடமா அமையணும் என்றார். போகக் கூடாது என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எதிர்த்துச் சண்டை போட எனக்கு ஒரு வார்த்தையாவது கிடைத்திருக்கும்.